ஒரு துளைக்கு நாற்பது ரூபா

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
அஜ்வத்தின் போன் திருத்தும் கடை.
உள்ளறையில் ஆறு பிளாஸ்டிக் கதிரை,
ஏழு பேர்.
ஈயம் உருகும் மணத்தை வைத்துத்தான்
மேசை எந்தப் பக்கமென்று பிடித்தேன்.

குறிப்பெழுதுவது என் வேலை.
சட்டத்தில் தாளைச் செருகி
வலமிருந்து இடமாக ஊசியால் குத்திப் போவேன்.
திருப்பினால் எழுத்து மறுபக்கம் எழும்பி நிற்கும்.
அன்று குத்தியது முழுக்க ஆசை.
திருப்பினபோது விரலில் முட்டியது
முழுக்க விலை.

அச்செழுத்தைக் காட்டினால் வாசிக்கும் பெட்டி.
கையகலம். சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பாரம்.
இப்போதைக்கு முப்பத்தோராயிரம்.
"இருபத்தஞ்சுக்கு மேல போனா
நம்மட ஆக்கள் தொட்டுப் பாத்திட்டு
வச்சிட்டுப் போயிருவாங்க" என்றான் அஜ்வத்.

ஆதம்பாவாவுக்குச் சிங்களம் வேணும்.
"காணிக் கந்தோர்க் கடிதமொண்டு
ரெண்டு வருசமா அலுமாரிக்குள்ள கிடக்கு.
வாசிச்சுக் காட்டுறவன் என்ன சொல்றானோ
அதுதான் கடிதம்."
குத்தினேன். இரண்டாயிரத்து நானூறு.

நேசமலருக்கு அடகுச் சீட்டு.
அந்தக் கையெழுத்தை எழுதினவனே
வாசிக்க மாட்டான் என்றாள்.
அஜ்வத் பேசவில்லை.
அந்த வரியில் வெறும் இடம் விட்டேன்.

பஸ்மிலாவுக்குப் பரீட்சை.
காதுக்குள் மாட்டிக் கேட்க ஒரு வழி, அறுநூறு.
ஒன்றரை மடங்கு வேகமும் வேணும்.
வேகத்துக்குக் காசில்லை என்றதும்
"அப்ப ரெண்டரை" என்றாள்.
சிரித்தோம்.
அன்றைக்கு இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

கணக்கு முப்பத்து நாலாயிரத்தில் நின்றபோது
வெளியே நடத்துனர்
"அக்கரப்பத்து, அக்கரப்பத்து" என்று
எங்களைக் கலைப்பதுபோலக் கத்தினான்.

நான் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.
ஒரு முகத்தில் மட்டும் வழுவழுப்பு.
"இது என்ன?"
"டிஸ்ப்ளே அக்கா. வாசிக்கிறது எழுத்தாத் தெரியும்."
"ஆருக்கு?"

விசிறி மட்டும் கடகடத்தது.

ஏழாயிரத்து இருநூறு!
குருடர் பெட்டிக்குக் கண்ணாடி பூட்டி
அந்தக் காசையும் எங்களிட்டயே வாங்கப் பார்த்தியே
என்று நேசமலர் மேசையில் அடித்தாள்.
கைதட்டினோம். நானும்தான்.
அந்த வரிப் புள்ளிகளை
நகத்தால் அமுக்கி மட்டமாக்கினேன்.

கிருபைராசா கைதட்டவில்லை.
சந்தை வாசலில் லொத்தர் விற்கிற மனிசன்,
கூவிப் பழகின தொண்டை.
அன்று மெதுவாகச் சொன்னார்:
"என்ட மனிசிக்குக் காது கேளாது.
இது எனக்கு வாசிக்கிறத
அவ அதில பாப்பா.
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில
ஒரு விசயத்த அறிஞ்சிருப்பம்."
பிறகு,
"பரவால்ல, எடுங்க. எல்லாருக்கும் குறையட்டும்."

அந்தப் "பரவால்ல"வை
எந்தப் பக்கத்தில் குத்துவதென்று தெரியவில்லை.

மஹ்ரிப் பாங்கு சொல்லும்வரை இருந்தோம்.
புது பட்டரிக்குப் பதில்
பழைய போன்களில் கழற்றினது,
ஆயிரத்து எண்ணூறு மிச்சம்.
சரியாக இருபத்தஞ்சு.
அப்போதுதான் அஜ்வத் சொன்னான்,
டிஸ்ப்ளே வேண்டாம்,
அதற்கொரு துளை மட்டும் விடுவம்,
வேணுமெண்டவர் பிறகு வாங்கி மாட்டலாம்.
துளைக்கு நாற்பது ரூபா.

"ஓட்டைக்குமா காசு?" என்றார் ஆதம்பாவா.
என்றாலும் முதல் ஆளாகக் கை தூக்கியது
தான்தான் என்றும் அவரே சொன்னார்.

மாதிரிப் பெட்டி கைமாறி வந்தது.
சூட்டுக் கம்பியால் துளைத்திருந்தான்,
ஓரம் இன்னும் ஆறவில்லை.
விரல்நுனி அதில் இறங்கியது:
ஒரு புள்ளி, ஆனால் உள்நோக்கி.
நான் எழுதுகிற பக்கம் அது.
இன்னும் யாரும் திருப்பவில்லை.